சம்படத்தில் கடல் தாண்டிய சாமி

பதினெட்டு மாதமாக நான் டீ குடிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக ஓடியவன் டீயை விட்டுவிட்டான் என்றால் எங்கள் ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. டிரிப்புக்கு ஒன்று என்று குடித்துப் பழகிய உடம்பு. ஆனால் போர்ட் பிளேயரில் இருக்கும் என் மகன் முத்துக்குமாருக்கு இரண்டாவது பிள்ளை எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்திரண்டு நாள் கிடந்தபோது, இங்கே சிவகங்கைப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் நின்று குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். “கருப்பா, பிள்ளைய வெளிய எடுத்துக் குடு. அவன் முதல் முடி உனக்கு. அந்த முடி உன் காலடியில விழுகிற வரைக்கும் என் நாக்குல டீ படாது” என்றேன்.

பிள்ளை வெளியே வந்தான். பால் குடித்தான், குப்புற விழுந்தான், நடந்தான். கருப்பர் தன் பங்கைச் செய்துவிட்டார். நான்தான் செய்யவில்லை. பேரனுக்கு அடிக்கடி நெஞ்சில் சளி கட்டுகிறது, இன்னும் கொஞ்ச காலத்துக்கு நெடும் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முடியோ வளர்ந்துகொண்டே போனது. போனில் வீடியோவில் பார்த்தால் பேரன் ரிப்பன் கட்டிக்கொண்டு இன்னொரு பேத்தி மாதிரி நிற்கிறான்.

பூசாரியிடம் போய் நின்றேன். அவர் கண்மாயில் ஆட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, “பிள்ளை வர முடியலைன்னா சாமியக் கொண்டு போக வேண்டியதுதான கண்டக்டரே. பிடிமண் எடுங்க” என்றார்.

பிடிமண் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோயிலில் சாமியின் காலடி மண்ணில் ஒரு பிடி அள்ளி, பூசை போட்டு, மஞ்சள் துணியில் முடிந்து கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோய் எங்கே இறக்குகிறோமோ அங்கே சாமி வந்துவிடுவார். முடிச்சை என் கையில் கொடுக்கும்போது பூசாரி ஒன்று சொன்னார். “வழியில எங்கயும் தரையில வச்சுராதீங்க. எங்க மண்ணத் தொடுதோ அங்கயே உக்காந்துருவாரு. அப்பறம் நீங்க எத்தன விசில் அடிச்சாலும் கெளம்ப மாட்டாரு. எறங்குற வரைக்கும் கவிச்சியும் ஆகாது.”

என் வீட்டுக்காரி லெட்சுமி அந்த முடிச்சை ஓர் எவர்சில்வர் சம்படத்தில் வைத்து மூடினாள். அதே ஜோடியில் இன்னொரு சம்படம் நிறைய பேரப்பிள்ளைகளுக்குக் காராச்சேவு. இரண்டும் மாறிவிடக் கூடாதே என்று சாமி சம்படத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்தாள்.

சென்னை விமான நிலையத்தில் சோதனை போடுகிற இடத்தில் பொட்டு வைத்த சம்படம் மாட்டிக்கொண்டது. காக்கிச் சட்டைக்காரர் இந்தியில் கேட்டார். நான் “சாமி” என்றேன். அவர் மறுபடி கேட்டார். நான் சத்தமாக “சாமி” என்றேன். பின்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை இந்தியில் ஏதோ எடுத்துச் சொன்னது. அவர் துணியை அவிழ்த்து மண்ணைப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, பூசாரி முடிந்திருந்ததைவிட அழகாக முடிந்து கொடுத்தார். “அவங்க ஊர்லயும் இப்படிக் கொண்டு போவாங்களாம் அங்கிள்” என்றது அந்தப் பிள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சோதனையில் தேறினால் எல்லாம் தேறின மாதிரி என்று நினைத்தேன். சோதனை விமானத்துக்குள் அல்லவா இருந்தது.

மடியில் வைத்திருந்த சம்படத்தைப் பார்த்து விமானப் பணிப்பெண், “கால்கிட்ட கீழ வச்சிடுங்க சார்” என்றார். தமிழ்ப் பெண்தான்.

“கீழ வைக்கக் கூடாதும்மா. சாமி.”

“மடியில வைக்கக் கூடாது சார். ரூல்ஸ்.”

என் சர்வீஸில் எத்தனை பேரிடம் இந்த ரூல்ஸ் பேச்சைப் பேசியிருப்பேன். கோழிக் கூடையை மடியில் வைக்காதே, கூரையில் போடு என்று. அந்தப் பாவமெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. லெட்சுமிதான் வழி கண்டுபிடித்தாள். “மேல பெட்டி வைக்கிற எடத்துல வைக்கலாம்ல தாயி? நம்ம தலைக்கு மேலதான் அவரு இருக்கணும்.” அந்தப் பெண் சிரித்துவிட்டு, தன் கையாலேயே வாங்கி மேலே வைத்து மூடினார். கடல் தெரிகிறது, தீவு தெரிகிறது என்று எல்லாரும் சன்னலில் முட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தலைக்கு மேலே இருந்த மூடியைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தேன்.

மகன் குட்வில் எஸ்டேட் என்கிற பகுதியில் வாடகைக்கு இருக்கிறான். கீழ்ப்பகுதி இவர்களுக்கு. மாடியில் வீட்டுக்கார அம்மா, வங்காளத்துக்காரர், எழுபது வயது இருக்கும். பிள்ளைகள் அவரைத் ‘திதா’ என்கின்றன. வங்காளத்தில் பாட்டிக்கு அப்படித்தானாம். வாசல் ஓரத்தில் அவர் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டித் துளசி வைத்திருக்கிறார்.

பேத்தி யாழினிக்கு ஐந்து வயது. நேரில் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டதே, அறிமுகம் இருக்குமோ என்று லெட்சுமி வழியெல்லாம் கவலைப்பட்டாள். ஆட்டோ நிற்பதற்குள் ஓடி வந்து, “மெயின்லேண்ட் தாத்தா ஆ கயா! அப்பத்தா ஆ கயா!” என்று தெருவுக்கே அறிவித்தது. அப்பத்தாவின் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பேரன் மட்டும் என்னை வெகுநேரம் பார்த்தான். பிறகு ரிப்பனோடு நடந்து வந்து என் மீசையைப் பிடித்து இழுத்தான். பெட்டிக்குள் கிடந்த பிள்ளையின் கை. வலித்தது. இன்னும் இழு சாமி என்று கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சம்படத்தை ஃபிரிஜ்ஜின் மேல் வைத்தோம். அன்று சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. இங்கே நம் கடிகாரம்தான், சூரியன் மட்டும் வேறு டயத்தில் ஓடுகிறது. விளக்குப் போடுகிற நேரம் மாடியிலிருந்து சங்குச் சத்தம் கேட்டது. நானும் லெட்சுமியும் எழுந்தே விட்டோம். எங்கள் ஊரில் சங்கு ஊதினால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

“யாருடா போயிட்டா?” என்றாள் லெட்சுமி.

மருமகள் ஜெயந்தி சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். “யாரும் போகலை அத்தை. திதா துளசிக்கு விளக்கு வைக்கிறாங்க. தினமும் ஊதுவாங்க.”

அப்போதுதான் யாழினி தன் பிளாஸ்டிக் அடுப்பு, கெட்டில், கப் எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தது. “தாத்தா, பைட்டோ, உக்காருங்க. சாய் போட்டுத் தர்றேன். சீனி எவ்ளோ? ஏக்கா, தோவா?”

“தாத்தா டீ குடிக்கக் கூடாது தாயி.”

“இது ஜூட்டா சாய் தாத்தா. பொய் சாய்.”

பொய் டீயாக இருந்தாலும் டீ என்று பெயர் சொல்லிக் கொடுத்தால் டீதானே. கருப்பர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். வேண்டாம் என்றேன். பிள்ளையின் உதடு பிதுங்கியது. “அப்ப எப்பக் குடிப்பீங்க?” என்றது.

அதன் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தேன். “மொத்தம் மூணு ஸ்டாப்பு. ஃபர்ஸ்ட் ஸ்டாப், டப்பாவுல இருக்கிற சாமி மண்ணுல எறங்கணும். செகண்ட் ஸ்டாப், தம்பிக்கு மொட்டை. தேர்ட் ஸ்டாப், தாத்தா டீ.” அது இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டது. கெட்டிக்காரப் பிள்ளை என்று பூரித்துப் போனேன்.

மறுநாள் ஐந்தரை மணிக்கே பலபலவென்று விடிந்து, சம்பந்தியும் வந்து நின்றார். மருமகளின் தகப்பனார், பெயர் தங்கராசு. சௌல்தாரியில் தென்னையும் பாக்கும் போட்டு விவசாயம். சாமியை அவருடைய தோட்டத்தில் இறக்குவதாகத்தான் ஏற்பாடு. இடத்தைப் பார்த்துவிடலாம் என்று என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். சாமி வீட்டிலேயே இருக்கட்டும், நல்ல நேரத்தில் எடுத்துப் போகலாம் என்றுவிட்டேன்.

இந்த ஊரில் ரோடு ஒன்று ஏறுகிறது, இல்லை இறங்குகிறது. சமமாகப் போகிற ரோட்டைக் காணவில்லை. ஒரு ஏற்றத்தில் பஸ் முனகி நின்று பின்னால் நழுவியது. எனக்கு வயது மறந்துவிட்டது. குதித்து இறங்கி, ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிப் பின் டயருக்கு முட்டுக் கொடுத்தேன். அந்தக் கண்டக்டர் தெலுங்குக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஹமாரா சம்பந்தி! மெயின்லேண்ட்ல கண்டக்டர்!” என்று தங்கராசு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

கால்மணி நேரம் கழித்து டிரைவர் என்னவோ செய்து வண்டி உயிர் பெற்றது. அந்தக் கண்டக்டர் கையைக் காட்டி, நீங்களே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள் என்று மரியாதை செய்தார். சாவிக்கொத்தில் என் பழைய விசில் இன்னும் இருக்கிறது. டபுள் விசில் கொடுத்தேன். வண்டி நகரவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி, யார் ஊதுகிறார்கள், போலீஸா என்று பார்க்கிறார். தெலுங்குக்காரர் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு அடி அடித்து, “சலோ!” என்றார். உடனே கிளம்பியது. முப்பத்தொரு வருஷப் பாஷை கடல் தாண்டினால் செல்லாது போல.

சௌல்தாரித் தோட்டம் குளுகுளுவென்று இருந்தது. ஒரு படாக் மரத்தடியைக் கூட்டி, சாணம் தெளித்து, சம்பந்தி தன் கையால் செங்கல் அடுக்கிச் சின்ன மேடை கட்டியிருந்தார். சிமெண்ட் இன்னும் ஈரம்.

“எப்பிடி சம்பந்தி? ராஜா மாதிரி எடம்ல?”

“பிரமாதமா இருக்கு.”

அவர் கொஞ்ச நேரம் மேடையைத் தடவிக்கொண்டிருந்தார். “எங்க அப்பா சின்ன வயசுல கப்பலேறி வந்தவரு. எங்க குலசாமி எதுன்னு சொல்லாமலே போயிட்டாரு. மெயின்லேண்டுக்கு நாலு தடவ போயிருக்கேன். எந்தக் கோயிலுக்குன்னு போறது? எல்லாக் கோயில்லயும் கும்பிட்டு வந்தேன். உங்க சாமிதான்னாலும், எம் பேரன் சாமி. இங்க வந்து உக்காந்தாருன்னா எனக்கும் ஒரு காவல்” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மதியம் சம்பந்தியம்மா தேங்காய் அரைத்துச் சூரை மீன் குழம்பு வைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் ரசமும் அப்பளமும். “சாமி அங்க ஃபிரிஜ் மேலல்ல இருக்காரு. இங்கருந்து வாசம் போகாது சம்பந்தி, ஒரு துண்டு” என்று தங்கராசு என் இலைப் பக்கம் கரண்டியை ஆட்டினார். இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டேன். பிறகு டீ வந்தது. அதையும் மறுத்தேன். ஏலக்காய் போட்டிருந்தார்கள். அந்த வாசம் பஸ் ஏறும்வரை கூடவே வந்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்கு ஜீப் சொல்லியிருந்தது. தாய்மாமன் பிரபு, மருமகளின் தம்பி, ஹேவ்லாக் தீவில் படகில் வேலை. அவனும் முந்தின நாளே வந்துவிட்டான். சம்பந்தி பட்டு வேட்டியில் வந்திறங்கினார். நான் குளித்து, விபூதி பூசி, சம்படத்தை இறக்கினேன்.

இலேசாக இருந்தது. ஆட்டினால் கலகலவென்றது. திறந்தால் உள்ளே மஞ்சள் துணி நான்காக மடித்து, அதன் மேல் ஏழெட்டுக் கிளிஞ்சல்.

மண் இல்லை.

லெட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “கருப்பா, எங்க போன?” என்று அவள் போட்ட சத்தத்தில் பேரன் அழ ஆரம்பித்தான். பதினெட்டு மாதம் அந்த ஒரு பிடிக்காகத்தான் இருந்தேன். மறுபடி ஊருக்குப் போய், மறுபடி எடுத்து, மறுபடி கடல் தாண்டி வர இனி எப்போது முடியும்? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதைத்தான் என் மனசு முதலில் நினைத்தது.

“யாழினி!” என்று முத்துக்குமார் கத்தினான். “டப்பாவத் தொட்டியா?”

பிள்ளை மாடிக்கு ஓடித் திதாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது. மகன் படியேறப் போனவனைத் தடுத்துவிட்டு நானே போனேன். டிக்கெட் எடுக்காத பிள்ளையை மிரட்டினால் அது வாயைத் திறக்காது. பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன்.

“தாயி, சாமி எங்கத்தா?”

முந்தானைக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. “எறங்கிட்டாரு தாத்தா.”

“எங்க எறங்குனாரு?”

“ஃபர்ஸ்ட் ஸ்டாப்புல.” என் விரலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, வாசல் ஓரத்துத் துளசி மேடைக்குக் கூட்டிப் போனது. செடியின் அடியில், அந்த ஊர்க் கருத்த மண்ணுக்கு நடுவே, எங்கள் ஊர்ச் செம்மண் உள்ளங்கை அளவுக்கு வட்டமாகக் கிடந்தது. சுற்றிலும் கிளிஞ்சல் வரிசை. “நேத்து அப்பத்தா தூங்கும்போது குர்சி போட்டு ஏறி எடுத்தேன். நானே எறக்கினேன். தண்ணி கூடக் குடுத்தேன். ஏக் மக்.” இந்த ஊரில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும். அன்றைக்கு வராத நாள். அதில் ஒரு மக். “இனிமே தம்பி மொட்டை, அப்பறம் தாத்தா சாய்” என்று அழுதுகொண்டே சொன்னது.

நான் அந்தப் பிள்ளையைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டேன். என்ன திட்ட? வழி சொன்னவன் நான். அது இறக்கிவிட்டது.

பூசாரிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது அவர் போனை வீட்டிலேயே வைத்துவிடுவார். சரி, அவர் ஏற்கெனவே சொன்னதுதானே. எங்கே மண்ணைத் தொடுகிறதோ அங்கேயே உட்கார்ந்துவிடுவார். நகர மாட்டார். கருப்பர் துளசியடியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் அது நம் இடம் இல்லையே. இன்னொருத்தர் வீட்டுச் சாமி மேடை. அதிலும் எங்கள் கருப்பர் கிடாவும் சுருட்டும் கேட்கிற சாமி.

திதா இறங்கி வந்து நின்றார். மருமகள் இந்தியில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு செம்மண்ணைக் குனிந்து பார்த்தார். பிறகு பேசினார். மருமகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

“இந்தத் துளசியும் இப்படித்தான் வந்ததாம் மாமா. அவங்க மாமனார் கப்பல்ல வரும்போது உடைஞ்ச சட்டியில மண்ணோட கொண்டு வந்தாராம். அந்த மண்ணும் இதுக்குள்ளதான் கிடக்காம். உங்க சாமிக்கு என்ன பிடிக்கும்னு கேக்கிறாங்க.”

எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். முத்துக்குமார் முந்திக்கொண்டு, “சக்கரைப் பொங்கல்னு சொல்லு” என்றான்.

“டேய்,” என்றாள் லெட்சுமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “சாமி அடியில உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காரு. பொய் சொல்லாத. உள்ளதச் சொல்லு தாயி.”

மருமகள் உள்ளதைச் சொன்னாள். கிடா என்றதும் திதா சிரித்தார். சுருட்டு என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்கள் காளிக்கும் கிடா உண்டாம். துளசிப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், இனிப்புப் போடுங்கள், வெட்டுக்குத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளட்டும், காலையில் இருவருக்கும் சேர்த்தே தண்ணீர் ஊற்றுகிறேன் என்றார். நான் அவர் காலில் விழப் போனேன். “நா, நா!” என்று அவர் நாலடி பின்னால் ஓடினார்.

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. பட்டு வேட்டியோடு கேட் ஓரம் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லதுதான் சம்பந்தி. எங்க எறங்கினா என்ன. எல்லாம் ஒண்ணுதான்” என்றார். அவர் குரலில் அந்த ஈரச் சிமெண்ட் மேடை எனக்குத் தெரிந்தது.

பிரபு வாசலில் துளசி மேடையை ஒட்டிப் பாய் விரித்து உட்கார்ந்து மருமகனை மடியில் வைத்துக்கொண்டான். ரிப்பனை அவிழ்த்தார்கள். சலூன்காரர் பீகார்க்காரர், கை பஞ்சு மாதிரி. ஆனாலும் தலையில் தண்ணீர் பட்டதுமே பேரன் ஊரைக் கூட்டினான். திதா நல்ல காரியமாயிற்றே என்று சங்கைக் கையில் எடுத்தார். லெட்சுமியின் முகம் போன போக்கைப் பார்த்து மருமகள் ஓடிப்போய் அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் சங்கைக் கீழே வைத்துவிட்டு, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார். எங்கள் ஊர்க் குலவையேதான்! லெட்சுமி அசந்து போனாள். அடுத்த நொடி அவளும் போட்டாள். இரண்டு கிழவிகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு போட்டி போட்டுக் குலவையிட்டார்கள். பேரன் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த இடைவெளியில் பீகார்க்காரர் வேலையை முடித்துவிட்டார்.

முடி விழுந்தது. அதை அள்ளிக் கொண்டுபோய்ச் செம்மண் மேலேயே போட்டேன். சந்தனம் தடவிய தலையோடு பேரனைத் தூக்கி, அங்கே ஒரு கணம் குனிய வைத்து எடுத்தேன். “கருப்பா, சொன்னதச் செஞ்சுட்டேன். இடம் நீ பாத்துக்கிட்டது” என்றேன். அதற்கு மேல் எனக்கு மந்திரம் தெரியாது.

பொங்கல் பொங்கி இறக்கியதும் எனக்கு ஒன்று தோன்றியது. சாமி உட்கார்ந்த இடத்தில்தானே பிடிமண் எடுப்பார்கள். சூடம் காட்டிவிட்டு, செம்மண்ணும் கருமண்ணும் கலந்து ஒரு பிடி அள்ளினேன். அதே மஞ்சள் துணியில் முடிந்து, கேட் ஓரம் நின்ற தங்கராசுவின் முன்னால் நீட்டினேன். பூசாரியிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

“சம்பந்தி, உங்க மேடைக்கு.”

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் பட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தினார்.

“வழியில எங்கயும் தரையில வச்சுராதீங்க” என்றேன்.

“பைத்தியமா சம்பந்தி? உயிர் போனாலும் வைக்க மாட்டேன்.” ஜீப்பில் முன் சீட்டில் ஏறி, முடிச்சை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “சாயங்காலம் எல்லாரும் வந்துரணும். கிடா தயாரா நிக்கிது. சலோ, சலோ!” என்று டிரைவரை அதட்டினார். நான் விசிலை எடுத்து டபுள் கொடுத்தேன். இந்தத் தடவை வண்டி கிளம்பிவிட்டது.

திதா மாடியிலிருந்து தட்டில் டீ கொண்டுவந்தார். இஞ்சி தட்டிப் போட்ட டீ. என் கிளாஸை லெட்சுமியே எடுத்து நீட்டினாள். “குடிங்க. பாத்துக்கிட்டே இருக்கேன், பதினெட்டு மாசமா டீக்கடையத் தாண்டும்போது மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறதை.” எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். ஆவி மூக்கில் ஏறியது. கை கிளாஸுக்குப் போய்விட்டது.

அப்போது யாழினி நிற்பதைப் பார்த்தேன். காலையில் வாங்கிய திட்டில் முகம் இன்னும் வீங்கி, படிக்கட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கிளாஸைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போய் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். “தேர்ட் ஸ்டாப் என்னது தாயி?”

“தாத்தா சாய்!”

கையலம்பி, கப்பைக் கழுவி, கெட்டிலைச் சாய்த்து நிறைய ஊற்றியது. ஸ்பூனால் சீனி போட்டுக் கலக்கியது. “சூடு தாத்தா. ஊதிக் குடிங்க.”

ஊதினேன். கண்ணை மூடிக் கருப்பரை நினைத்துக்கொண்டேன். குடித்தேன்.

“கைஸா ஹை?”

“அருமை தாயி,” என்றேன். “சீனிதான் கொஞ்சம் தூக்கல்.”